கையெழுத்துக்கு மறுநாள்

வளைகுடாவில் பகையாளி நாடுகள் இரண்டும் சண்டையை நிறுத்தி ஒப்பந்தம் போட்டன. அவற்றுக்குப் பக்கத்திலுள்ள ஒரு நகரத்தில்தான் என் தங்கச்சி வீட்டு வேலை செய்கிறாள். இரண்டு வருஷம் முடிந்து, ஊர் திரும்ப டிக்கெட்டும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி, சமாதானம்தான் ஆகிவிட்டதே, இன்னும் இரண்டு வருஷம் இரு என்று தாளை நீட்டியிருக்கிறாள். மறுநாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போனேன். சிங்களக் கடைக்காரர், ஒரு நாடு பணிந்துவிட்டது, இனிக் குண்டே விழாது என்றார். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் கங்காணி போனில் பார்த்துவிட்டு, "பணிஞ்சது மத்த நாடு. அதுவும் ஒரு மாசத்துக்குத்தான்" என்கிறார். ஒரே தாள், ஒரே கையெழுத்து, இரண்டு நாட்டிலும் பட்டாசு. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

எங்களுக்கு ஒப்பந்தம் என்ன புதுசா? சம்பள ஒப்பந்தம் முடிந்த அன்று சங்கமும் வெற்றி என்றது, கம்பெனியும் வெற்றி என்றது. நாங்களும் லயத்து வரிசை வீடுகளில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. முழுப் பேர் போட இன்னும் இரண்டு கிலோ கூடுதலாகப் பறிக்க வேண்டுமாம். குறைந்தால் அரைப் பேர், பாதி நாள் சம்பளம்தான். பொங்கல் தின்ற வாயாலேயே திட்டித் தீர்த்தோம். அன்றிலிருந்து மேடையில் யார் என்ன பேசினாலும் நான் தராசைத்தான் பார்ப்பேன்.

மத்தியானம் தங்கச்சி போனில் பேசினாள். ஒரே அழுகை.

"அக்கா, ஆளுக்கொன்னு சொல்றாங்க. கையெழுத்து போடவா, வரவா?"

"டீவிய விடு. அந்த வீட்டுப் புள்ளைங்க எங்க?"

"சண்டை தொடங்கினப்பவே வெளிநாட்டுல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"கூட்டிட்டு வந்துட்டாங்களா?"



"இல்லக்கா. நெலம சரியாகட்டும்னு மேடம் சொன்னாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் அங்கே இருந்தால் நாலு காசு வரும், லயத்துக் கூரையை மாற்றலாம் என்று நானும் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை அங்கேயே தூக்கிப் போட்டேன்.

"கையெழுத்து போடாத. நாளைக்கே கெளம்பு" என்றேன்.

"மேடம் கோவிச்சுக்குவாங்களே அக்கா."

"கோவிச்சுக்கட்டும். அவங்க புள்ளைங்க மட்டுந்தான் புள்ளைங்களா? நீயும் ஒரு வீட்டுப் புள்ளதான். பிளேன் ஏறி வா."