கைராசிக்காரியின் அயிரைகள்

முழங்கை வரை கையை மீன்தொட்டிக்குள் விட்டபடி அசையாமல் நிற்கிறார் அம்சவல்லி. மணலுக்குள் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடந்த அயிரைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து அவர் விரலிடுக்கில் மூக்கை நுழைக்கின்றன. சுண்டுவிரல் நீளம், உதட்டோரம் மீசை, பழுப்பு உடம்பில் மைப்புள்ளிகள். வயல் வேலை முடிந்து வீடு திரும்பியதும் கை கழுவுவதற்கு முன்பே இது நடந்தாக வேண்டும். “சேத்து வாசனைக்குத்தான் வருதுங்க சார். சோப்புப் போட்டுட்டா ஒண்ணுகூடக் கிட்ட வராது.”

தொட்டி கடையில் வாங்கியதல்ல. மூடிப்போன டீக்கடையின் வடைப்பெட்டி. கண்ணாடிப் பொருத்துகளில் பசை தடவி, வெண்ணாற்று மணலை அலசி அடியில் பரப்பியிருக்கிறார். கூழாங்கல் போடமாட்டார். அயிரை மணலை வாயில் அள்ளி, இரையைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியே தள்ளும் பிராணி. கல்லில் உரசினால் மீசை தேய்ந்துவிடுமாம். இரை, ஒரு சிட்டிகை தவிடு. முட்டை அவிக்கும் நாளில் மஞ்சள் கருவில் ஒரு துணுக்கு. வாய்க்காலில் முறைத்தண்ணீர் நின்றுபோன சமயம், மதகடிக் குட்டையில் துடித்துக் கிடந்தவற்றைச் சேலைத் தலைப்பில் அள்ளி வந்து வளர்க்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில் அயிரை என்றால் குழம்பு. ஆய்வதற்கு முன் உயிரோடு பாலில் விட்டால் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். ஆகவே அம்சவல்லியின் தொட்டியைக் கடந்து போகும், அதே தெரு நடவுக்காரி இசைவாணி தினமும் ஒரு கேள்வி கேட்பார்.

“அக்கா, பால் பாக்கெட் வாங்கியாரவா?”

“உன் வீட்டுக்காரர மொதல்ல பால்ல போட்டு எடு. நேத்துக் குடிச்சதையெல்லாம் கக்கட்டும்.”

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் நடவுப் பெண்களுக்குத் தலைவி அம்சவல்லி. இப்போது பாதி வயல்களில் இயந்திரம்தான் நடுகிறது. ஆனாலும் ஈசானி மூலையில் முதல் நாற்று முடிச்சை வைக்க அவர்தான் வரவேண்டும். அவர் கை வைத்தால் தூர் கட்டும், கதிர் சாயாது என்பது ஊரின் நம்பிக்கை. நாலு சக்கர வண்டியில் வந்திறங்கும் பட்டதாரிகளும் நல்ல நேரம் பார்த்து அவரை வயலில் இறக்குகிறார்கள். அவருக்கும் அந்தக் கையின் மேல் கர்வம் உண்டு. “அயிரைய வளத்துப் பாருங்க சார், ரெண்டு நாள்ல செத்துப்போவும். எங்கிட்ட மூணு வருசமா இருக்கு. எல்லாம் கைராசி.”

சாட்சிக்கு வித்யாலக்ஷ்மி இருந்தார். பெரிய தெருவில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. தம் வீட்டுத் தொட்டிக்காக மூன்று முறை அம்சவல்லியிடம் அயிரை வாங்கிப் போயிருக்கிறார். அதே மணல், அதே தவிடு. மூன்று முறையும் பொழுது சாய்வதற்குள் எல்லாம் மிதந்துவிட்டன. “என் கைக்கு வரலை” என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு அம்சவல்லியைப் பற்றி எழுதச் சொல்லி என்னை அழைத்து வந்தவரும் அவர்தான்.

மீன் வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பாலபாடம் ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் மீனையும் கொல்லும். ஒரு நாள் திறந்து வைத்தால் அது ஆவியாகிவிடும். பேச்சுவாக்கில் கேட்டேன்.

“தண்ணிய எவ்வளவு நேரம் திறந்து வச்சுட்டு ஊத்துறீங்க?”

“எதுக்குத் தொறந்து வைக்கணும்? கொழாயில புடிப்பேன், ஊத்துவேன். டீச்சருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்.”

வித்யாலக்ஷ்மி என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கட்டிலில் அம்சவல்லியின் மகள் கயல்விழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பத்தாம் வகுப்பு. அம்மா கூப்பிட்டதும் திரும்பினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய விழி, பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தது. “போன வருசம் டைபாய்டு, இந்த வருசம் காமாலை. அவளுக்குச் சூட்டு ஒடம்பு சார்” என்றார் அம்சவல்லி. தெருவில் இன்னும் யாருக்கெல்லாம் என்று கேட்டேன். அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, இசைவாணியின் மாமியார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஊராட்சியின் தண்ணீர்த்தொட்டிகளைக் கவனிப்பவர் செல்லதுரை. அழைத்ததும் வந்தார். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பரிசோதிக்கும் மருந்துக் குப்பி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பெரிய தெருக் குழாய்த் தண்ணீரில் சில துளிகள் விட்டார், மஞ்சளாகியது. அம்சவல்லி வீட்டுக் குழாய்த் தண்ணீரில் விட்டார். நிறம் மாறாமல் அப்படியே நின்றது. இரண்டு தெருவுக்கும் இரண்டு மேல்நிலைத் தொட்டிகள். இரண்டுக்கும் ஏறி இறங்குபவர் இவர் ஒருவரே.

“பிளீச்சிங் பவுடர் பத்தாதுங்க சார். மொதல்ல பெரிய தெருவுக்குப் போடு, மிச்சம் இருந்தா அங்க போடுன்னு சொல்லிருக்காங்க.”

“மிச்சம் இருந்திருக்கா?”

“எங்கங்க இருக்கும்?” என்றார், வானிலை சொல்பவரைப் போல. “அந்தத் தெருவுல யாரும் கேட்டதில்லயே.”

என்னை உலுக்கியது அந்தச் சாதாரணக் குரல்தான். யாரும் நஞ்சு வைக்கவில்லை. யாரும் சதி செய்யவில்லை. ஒரு தெருவை மிச்சத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கை பட்டால் நெல் விளையும் என்று காத்து நிற்பவர்களுக்கு, அவர் குடிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டித் தூளைப் போடத் தோன்றவில்லை. மீனுக்குக் கைராசி என்று மூன்று வருடம் அவர் கொண்டாடியது இதைத்தான்.

அம்சவல்லி மீன்தொட்டியருகே போய் உட்கார்ந்து, தம் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இது ஒண்ணுமில்லியா சார்?” என்றார். ஒன்றுமில்லைதான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஊராட்சியில் மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. அதற்குள் குறுவை நடவு வந்துவிட்டது. முதல் முடிச்சு, ஊராட்சித் தலைவரின் வயலில். நானும் வரப்பில் நின்றேன். அம்சவல்லி நாற்றுமுடியைக் கையில் வாங்கிக்கொண்டார். குனியவில்லை.

“என்ன அம்சவல்லி, நல்ல நேரம் போயிக்கிட்டிருக்கு” என்றார் தலைவர்.

“எங்க தெருத் தொட்டியில மருந்து விழட்டுங்கய்யா. நானும் குனியறேன்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இந்தக் கையாலதான் அந்தத் தண்ணிய மொண்டு எம் பொண்ணுக்குக் குடுக்கறேன்.”

தலைவர் மற்ற பெண்கள் பக்கம் திரும்பினார். இசைவாணி கையைக் கட்டிக்கொண்டார். “எங்க கையெல்லாம் ராசி இல்லாத கைங்கய்யா. வச்சா பதராப் போயிடும்.” பின்னால் நின்றவர்கள் சேலைத் தலைப்பால் சிரிப்பை மூடிக்கொண்டார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் கைப்பேசியை எடுத்தார். “செல்லதுர, இருக்கற மூட்டைய எடுத்துக்கிட்டு அந்தத் தொட்டிக்குப் போ. இப்பவே. எல்லா நாளும்.”

வாழ்நாளெல்லாம் எதிர்த்து எழுதிய மூடநம்பிக்கை ஒன்று, மனுவால் முடியாததை முடித்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை. செல்லதுரை தொட்டியின் மேலேறி நின்று தூரத்திலிருந்து துண்டை வீசிக் காட்டிய பிறகுதான் அம்சவல்லி குனிந்து முதல் நாற்றை ஊன்றினார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். குழாயைத் திறந்ததுமே மருந்து வாடை மூக்கில் ஏறியது. அம்சவல்லிக்கு அந்த வாடை மட்டும் சாட்சியாகப் போதவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தார். தொட்டிக்குள் கையை விட்டார். முதலில் ஓடி வந்து விரலிடுக்கில் மூக்கை நுழைத்த அயிரையை அள்ளி டம்ளரில் விட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு விருட்டென்று மேலேறி, தண்ணீருக்கு வெளியே வாயைப் பிளந்தது. மறுபடி மேலேறியது. டம்ளரின் விளிம்பில் மோதியது.

அவர் முகம் மெல்லத் தெளிந்தது. துடித்ததை உள்ளங்கையில் ஏந்தித் தொட்டிக்குள் விட்டார். அதே ஈரக் கையால் சொம்பை எடுத்து, குழாயடியில் நிறையப் பிடித்து, கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த மகளிடம் நீட்டினார்.