செபஸ்தியாம்பிள்ளை படித்த நகோயாப் பாதை

செபஸ்தியாம்பிள்ளை ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். லண்டனில், நோர்பரியில் வீடு. அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எந்தச் சிக்னல் மரத்துக்குப் பின்னால் மறையும் என்பதெல்லாம் மனத்தில் ஏறாதவரை ஒருவரையும் அந்தப் பாதையில் ஓட்ட விடமாட்டார்கள். அதைப் பாதை படிக்கிறது என்பார்கள்.

மகன் டெனுசன் ஜப்பானில் நகோயாவுக்கு வேலைக்குப் போனதும் அவர் அந்த ஊர்ப் பாதைகளைப் படிக்கத் தொடங்கினார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த வீடியோக்கள் யூரியூப்பில் கிடந்தன. வளைகுடாவில் பெரிய துறைமுகம். அதற்குப் பின்னால் தட்டையான நிலத்தில் வயலும் கார்த் தொழிற்சாலையும் மாறி மாறி வரும். அங்கே கரியா என்ற இடத்தில், எஞ்சின் பாகம் செய்யும் தொழிற்சாலையில் டெனுசன் இஞ்சினியர். அவன் ஜன்னலுக்குக் கீழே சிவப்பு ரயில் போகும். பக்கத்தில் மலை கிடையாது.

ஏப்ரலில் மகனிடம் போவதென்று அவரும் மனைவி டொலறஸும் முடிவு செய்திருந்தார்கள்.

மாசியில் ஒரு ஞாயிறு, காலைப் பூசைக்கு முன் டெனுசன் வீடியோவில் வந்தான். டொலறஸ் கொஞ்சம் பேசிவிட்டு, அவனுக்கு அனுப்ப வறுத்து இடித்த மிளகாய்த்தூளைப் பொதி கட்டக் குசினிக்குப் போனாள். அப்போது அவனுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு ரயில் போனது. வெள்ளி நிறம், செம்மஞ்சள் கோடு. ரயிலுக்கு அப்பால் மலை.

அந்தப் பாதையும் அவருக்குத் தெரியும். அது கரியாப் பக்கமே போகாது, மலைப் பக்கம் போவது.

"தம்பி, உது கோசோஜிப் பக்கமெல்லோ?"

டெனுசன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். வழக்கமாக மூடியிருக்கும் திரைச்சீலையை இழுத்துவிட எழும்பினான். பிறகு மூடாமலே திரும்ப உட்கார்ந்தான்.

"அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இல்லை. குசினிக்கை."

குரலைத் தாழ்த்திச் சொன்னான். மின்சாரக் கார்கள் வந்ததில் அவன் செய்த பாகத்துக்குத் தேவை குறைந்து, ஐப்பசியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்களாம். கம்பனி கொடுத்த வீடும் அதோடு போயிற்று. இப்போது மலையடியில் ஒற்றை அறை. வேலை, பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்குவது.

"இஞ்சை வாவன்ரா."

"என்னெண்டு சொல்லிக்கொண்டு வாறது அப்பா? கோயில் முழுக்க அம்மா என்னைப் பற்றித்தானே கதை." அறையைச் சுற்றிப் பார்த்து, "நீங்களும் இப்ப வராதேங்கோ. படுக்க இடமில்லை" என்றான்.

டொலறஸ் பொதியோடு வந்து, பழைய விலாசம்தானே என்று கேட்டாள். திரையில் டெனுசன் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எழுதிறன். நீ வெளிக்கிடு, பூசைக்கு நேரமாச்சு."

அடுத்த நாள் தபாற்கந்தோரில், டெனுசன் போனில் அனுப்பிய கோசோஜி விலாசத்தை எழுதினார். ஆங்கில எழுத்தில்தான். ஆனாலும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தே பொதியைக் கொடுத்தார்.

பின்னேரம் அவர் அந்தச் செம்மஞ்சள் கோட்டு ரயிலின் வீடியோவைப் போட்டு உட்கார்ந்தார். கோசோஜி தாண்டியதும் பாதை சுரங்கத்துக்குள் நுழைந்து திரை கறுத்தது. பக்கத்தில் தேத்தண்ணியை வைத்த டொலறஸ், ஏப்ரலுக்கு முன் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கவேணும் என்றாள்.

பார்ப்பம் என்றார்.