நிமிடத்துக்கு நூற்றெட்டு

பத்தொன்பது வருடமாக அறிவியல் பாடம் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர், கொட்டாவி சார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்ததுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை. பெயரைக் குறை சொல்லவும் முடியாது. தன் பாடத்தைக் கேட்டு அவருக்கே இரண்டொரு முறை கண் சொக்கியிருக்கிறது.

இந்த வருடம் தலைமையாசிரியை கூப்பிட்டே சொல்லிவிட்டார். "எட்டாம் வகுப்பு நீங்க சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்குது சார். அடுத்த பரீட்சையும் இப்படியே போச்சுன்னா வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு உங்களை லைப்ரரிக்கு மாத்திடுவேன்."

"நானும் பேச வேண்டாம், யாரும் தூங்கவும் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். உள்ளுக்குள் அழுகை முட்டியது. வகுப்பை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அன்றே இணையத்தைத் துழாவினார். மருத்துவ மாணவர்களுக்காக யாரோ ஏற்றிவைத்த ஒலிப்பதிவுகள் கிடைத்தன: மூச்சு இரைப்பது, வயிறு உறுமுவது, இதயம் துடிப்பது. எங்காவது தொலைத்துவிடுவோம் என்று பயந்து, அக்காவின் குரல் செய்திகள் வரும் அதே செயலியில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொண்டார். அக்கா தினமும் எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் பேசி அனுப்புவாள்.

மறுநாள் ஸ்பீக்கரோடு வகுப்புக்குப் போனார். "புத்தகத்தை மூடுங்க, காதைத் திறங்க!" லப்-டப், லப்-டப் என்று அறை முழுக்க இதயம் துடித்தது. ஒரு கொட்டாவி இல்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

பரீட்சை வந்தது. அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும்? ஏறக்குறைய எழுபத்திரண்டு என்கிறது புத்தகம். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தோரு பேர் நூற்றெட்டு என்று எழுதியிருந்தார்கள்.

"யாரைப் பாத்து காப்பியடிச்சீங்க?" வகுப்பில் அவர் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியையே வாசலில் வந்து நின்றுவிட்டார்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "காப்பி இல்ல சார். அன்னிக்கு நீங்க போட்டப்ப கடிகாரத்தைப் பாத்து எண்ணினோம். நூத்தெட்டுதான் வந்துச்சு."

அவளை மடக்குகிறேன் பேர்வழி என்று அங்கேயே பதிவைப் போட்டு, தானும் எண்ணினார். நூற்றெட்டு. கைபேசியைப் பார்த்தார். வேகம்: ஒன்றரை. அக்காவின் பேச்சைச் சீக்கிரம் முடிக்க என்றைக்கோ அவர் வைத்த வேகம். இதயத்தையும் அதே வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்.

அசடு வழிய உண்மையைச் சொன்னார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வேகத்தை ஒன்றுக்கு மாற்றி மறுபடி போட்டார். தலைமையாசிரியையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைத்து எண்ணினார். எழுபத்திரண்டு வந்தது.

"அந்த முப்பத்தோரு பேருக்கும் மார்க் போட்டுடுங்க. நீங்க சொன்னதை நிஜமாவே கேட்டவங்க அவங்கதான்" என்றார் தலைமையாசிரியை எழுந்துகொண்டே. "லைப்ரரிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சாயங்காலம் பேருந்தில் அக்காவின் செய்தி வந்தது. வேகத்தைக் கூட்டப் போன விரல் நின்றது. பல வருடங்களுக்குப் பிறகு அக்கா தன் சொந்தக் குரலில் பேசினாள். முட்டிவலி, பக்கத்து வீட்டுச் சண்டை, மழை. நடுவில், "கேக்குறியாடா?" என்று நிறுத்தினாள். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

பத்தொன்பது வருடமாகத் தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று புலம்பியவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கேக்குறேன்க்கா" என்றார், பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி.