பாலத்தில் விழுந்த குடைக்காரன்

வீடியோ கேம் கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கடைக்கு வருகிற பிள்ளைகளை எப்படியாவது மேய்த்துவிடலாம், அந்தப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வருகிற பெரியவர்களை மேய்க்கவே முடியாது.

எங்கள் ஊரான காஜா பேராங்கில் இந்தக் கடை முதலில் என் வீட்டுக்காரரின் டிவி ரிப்பேர் கடையாகத்தான் இருந்தது. பின்பக்கம் அவர் ஈயம் உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் ஈ ஓட்டிக்கொண்டு நான். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி எட்டிப் பார்க்காதவர்களின் டிவிகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கேம் பெட்டியை மாட்டி, அரை மணி நேரத்துக்கு வாடகை என்று ஒரு நாள் போர்டு போட்டேன். மறுநாள் வாசலில் ஒரே சைக்கிள். உங்களில் பலரும் இப்படித்தான் மாட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஊதினால் ஓடும்

கேசட் ஓடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? ஊதுவீர்கள். நானும் ஊதினேன். அதனால்தான் ஓடுகிறதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால், "உன் எச்சில்தான் உள்ளே போகுது" என்பார். ஆனாலும் ஊதினால் ஓடியது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஒரு நாள் பக்கத்து ஊர் புக்கிட் பாருவிலிருந்து ஓர் அம்மா மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இங்கே வாங்கிய கேசட் செத்துப்போச்சாம், ஏமாற்றிவிட்டேனாம். தெருவே கேட்கிற மாதிரி சத்தம். நான் கேசட்டை வாங்கி, இந்தப் பக்கம் ஒரு ஊது, அந்தப் பக்கம் ஒரு ஊது, பெட்டியில் சொருகினேன். பாட்டோடு ஓடியது. அந்த அம்மா திரையைப் பார்த்தார். பிறகு மகனின் தலையை என் பக்கம் தள்ளினார்.

"அப்படியே இவன் மண்டையிலும் ஒரு ஊது ஊதி விடும்மா. பரீட்சை வருது."

பெயர் தெரியாத விளையாட்டு

கடையில் எத்தனையோ கேம் இருந்தது. ஆனாலும் எல்லாரும் அடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். குள்ளமாக ஒரு ஆள், கையில் குடை. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான், அவன் ஓட ஓட ஊரும் கூடவே நகரும். குழி வந்தால் குதிக்க வேண்டும், முதலை வந்தால் தாண்ட வேண்டும். உயரத்திலிருந்து விழும்போது குடையை விரித்தால் மெல்ல இறங்குவான். அட்டையில் இருந்த எழுத்து எங்கள் யாருக்கும் புரியாத எழுத்து. அதனால் பிள்ளைகளே அதற்குப் 'பாயோங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலாயில் குடை. காஜா பேராங் முழுக்க அதுதான் பெயர்.

ஒரு நாள் நல்ல மழை. எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் செட்டி மக்களின் குடியிருப்பான செட்டி கம்பத்துப் பெரியவர் ஒருவர் ஒதுங்கினார். பிள்ளை அங்கிள் என்பார்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். விபூதி பூசிய நெற்றி, வாயில் மலாய். செட்டி மக்கள் அந்தக் காலத்தில் இங்கே வியாபாரத்துக்கு வந்த தமிழர்களின் வழி; சாமி நம்முடையது, பேச்சு மட்டும் அவர்கள் மலாய். அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். சொட்டச் சொட்ட நனைந்த குடையை மடக்கியவர் திரையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு ஆள் குடையோடு. அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை விட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து ரொம்பக் கவலையாகக் கேட்டார்.

"ஒரு சொட்டு மழை இல்லையே, இவன் எதுக்குக் குடை பிடிச்சிக்கிட்டு ஓடுறான்?"

மூன்றாவது பாலம்

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அங்கிள் ஆஜர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பொடியன்களுக்கு நடுவில் வெள்ளைத் தலை ஒன்று. குடைக்காரன் குதிக்கும்போது அவரும் நாற்காலியோடு குதிப்பார். இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, பக்கத்துப் பையன் மேலேயே விழுவார். பாயோங் ஆடினவர்களுக்கு மூன்றாவது பாலம் ஞாபகம் இருக்கும். கால் வைத்துக் கொஞ்சம் நின்றால் போதும், பலகை படபடவென்று கீழே போய்விடும். நிற்காமல் ஓட வேண்டும், ஓடிக்கொண்டே குதிக்க வேண்டும். அங்கிளுக்கு அது மட்டும் வரவே வரவில்லை. பாலத்தின் முன் ஒரு நொடி நின்று யோசிப்பார். அந்த ஒரு நொடியில் ஆள் கீழே. உடனே கடையே அதிர ஒரு சத்தம்: "ஜாத்தோ லாகி!" மறுபடியும் விழுந்துட்டேன் என்று அர்த்தம். கொஞ்ச நாளில் பையன்கள் எல்லாரும் விழும்போது அதையே கத்த ஆரம்பித்தார்கள்.

"யோசிக்காம ஓடுங்க அங்கிள்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை எரிச்சலில், "இந்தப் பாலத்தை விட்டுட்டு வேற கேம் ஆடுங்களேன்" என்றும் கேட்டுவிட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வாலிப வயசுல திடல்ல நின்னு சுதந்திரம் அறிவிச்ச மெர்டேக்காவையே பார்த்தவன் நான். இந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்காம சாக மாட்டேன்."

பிரம்போடு வந்தவர்

செல்வா என்று ஒரு பையன். டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வருவான். ஒரு நாள் அவன் அப்பா பிரம்போடு வாசலில் நிற்கிறார். "எங்கேடா அவன்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மற்ற பிள்ளைகள் மேசைக்கு அடியில். செல்வா மட்டும் நகரவில்லை. பாவம், பயல் முதலைக்குப் பக்கத்தில் இருந்தான், எப்படி எழுந்திருப்பான்? அப்பா பிரம்பை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து முதலை வாயைத் திறந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. குடைக்காரன் தாண்டிவிட்டான். அடுத்த முதலை வந்தது. கொஞ்ச நேரத்தில் பிரம்பு மேசை மேல் இருந்தது, மனுஷர் மகன் பக்கத்தில் இருந்தார்.

"அடிக்கிறது வீட்டுக்குப் போய் அடிச்சிக்கிறேன். முதல்ல அந்த முதலை எங்கேருந்து வருதுன்னு காட்டு."

அன்டி வந்த நாள்

பிள்ளை அங்கிளின் மனைவி அன்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. கொளுத்துகிற வெயிலில் மலாய்ப் பாணியில் சாரோங், கபாயா உடுத்தி, கொண்டை கலையாமல் ஓர் அம்மாள் நுழைந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் விஷயம் புரிந்தது. மனுஷர் தினமும் சாப்பிட்டதும் தலை வாரி, வெயிலோ மழையோ குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். எங்கே என்றால் சொல்வதில்லை, வரும்போது முகத்தில் சிரிப்பு. கம்பத்தில் யாரோ, "அந்தத் தமிழ்ப் பொம்பளை கடையிலதான் இருக்கார்" என்று பற்ற வைத்துவிட்டார்கள். பற்ற வைத்தவள் நாசமாய்ப் போக!

நான் உள்ளே கையைக் காட்டினேன். அங்கே அவருடைய கணவர் வேர்த்து வடிந்து, பையன்கள் நடுவில் குதித்துக்கொண்டிருந்தார். "ஜாத்தோ லாகி!" அன்டி என் பக்கம் திரும்பியபோது கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வேற ஒருத்தியா இருந்தா முடியைப் பிடிச்சி நாலு கேள்வி கேட்டிருப்பேன். இதை என்ன செய்யிறது, சொல்லு?"

புதுசாக்கினார்கள்

அப்புறம் உங்கள் கடைக்கு வந்த கதிதான் எங்களுக்கும். வீட்டுக்கு வீடு கேம் பெட்டி வந்தது, பிறகு கைப்பேசி வந்தது. முன்பக்கம் மறுபடியும் நான் ஈ ஓட்டினேன். பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பாயோங் ஓடிய பெட்டியை மட்டும் அங்கிள் விற்க விடவில்லை. எல்லாரும் போன பிறகும் அவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கை நடுங்க ஆரம்பித்திருந்தது. இப்போது பாலத்துக்கு வருவதே பெரும்பாடு.

அந்தச் சமயத்தில்தான் பாயோங்கைக் கம்பெனிக்காரர்கள் புதுசாக்கி வெளியிட்டார்கள். செல்வாவே வந்து வாங்கினான். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, மீசை, ஒரு மகன். மகனுக்குத்தான் என்றான். கடையிலேயே போட்டுப் பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பையன் என் கையைச் சுரண்டினான்.

"ஆன்ட்டி, அப்பா விளையாடி முடிச்சதும் எனக்குக் குடுக்கச் சொல்லுங்க."

லோரி போகும் பாலம்

புதுசு பார்க்க எவ்வளவு அழகு! குடைக்காரனுக்கு மூக்கு, கண் எல்லாம் இருந்தது. நிஜமாகவே மழை பெய்தது. அதைவிட, விழுந்தால் ஒரு பறவை வந்து தூக்கிவிடுகிறது. எனக்கு அங்கிள் ஞாபகம்தான். இருக்கிற நாளைக்குள் அந்த மனுஷன் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போகட்டுமே என்று ஆசை. அவரை உட்கார வைத்து, நடுங்குகிற கையில் கேமை ஆடுகிற பட்டன் கட்டையைக் கொடுத்தேன். மூன்றாவது பாலம் வந்தது. வழக்கம்போல நின்று யோசித்தார். பலகை விழவில்லை. மெல்ல நடந்தார். தாண்டியும்விட்டார்.

நான் கை தட்டினேன். பின்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் ஓடி வந்தார். அங்கிள் மட்டும் திரும்பிப் பாலத்தையே பார்த்தார். இவ்வளவு கடுப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"இது பாலமா? இதுல லோரியே போகுமே! எடு அதை. என்னோட பழசைப் போடு."

பார்ச்சு

அந்த வருஷக் கடைசியில் அங்கிள் போய்விட்டார். பழைய பாலத்தைத் தாண்டாமலேதான் போனார். செய்தி கேட்டு நான் கடைக்குள் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் பார்ச்சு. செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும் நாள். அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம், அவர்கள் விரும்பிய பக்குவத்திலேயே செய்து வாழையிலையில் படைப்பார்கள். அன்டி வீட்டு வழக்கப்படி, கும்பிட்டதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமில்லையா?

பார்ச்சுக்கு முன்னே அன்டி கடைக்கு வந்தார். கோலாலம்பூரில் இருக்கும் மகள், அப்பாவுக்குப் படைக்கட்டும் என்று புதுப் பாயோங்கைப் பெட்டியோடு வாங்கி வந்திருக்கிறாளாம். அன்டி ஒப்புக்கொள்ளவில்லை. "அவருக்குச் சம்பாலில் உறைப்பு வேணும். குறைச்சுப் போட்டா எழுந்து போயிடுவார். இதுலயும் அப்படித்தான். பழசு ஓடுமா, ஓடாதா?" என்றார். முதல் பார்ச்சு. அன்றைக்கு அங்கிள் வந்து பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லையே என்று திரும்பிப் போய்விடுவாரோ என்பதுதான் அன்டிக்குப் பயம்.

பழைய பெட்டி ஓடவில்லை. ஊதினேன், ஓடவில்லை. என் வீட்டுக்காரர் பிரித்துப் போட்டு, பழைய டிவி ஒன்றைக் கழற்றி அதன் வயிற்றிலிருந்து எதையோ எடுத்து இதில் வைத்துப் பற்ற வைத்தார். மறுபடியும் ஊதினேன். குடைக்காரன் வந்தான். புது டிவியில் அதை மாட்ட முடியாது. கட்டையான பழைய டிவியையும் காடியின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு அன்டி வீட்டுக்குப் போனோம். "சாமி இடத்துல டிவியாம்மா?" என்று மகள் முனகினாள். அன்டி ஒரு பார்வை பார்த்தார், மகள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் காலத்துக் கேம், நடுவிலிருந்து தொடங்க முடியாது. முதலிலிருந்து ஆடி மூன்றாவது பாலம் வரைக்கும் நான்தான் கொண்டுபோக வேண்டும். இலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், மீன், சம்பால், கோப்பி எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. குடும்பமே என் முதுகுக்குப் பின்னால். என் விரலும் இப்போது பழைய விரலா? முதலையிடம் நான் பட்ட பாட்டை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எப்படியோ பாலத்துக்கு வந்து முதல் பலகைக்கு முன்னால் குடைக்காரனை நிறுத்தினேன். "பாஸ் பட்டனை அமுக்கி அப்படியே நிறுத்தி வை" என்றார் என் வீட்டுக்காரர். "கட்டிப் போட்டா அவர் எப்படி ஆடுவார்?" என்றார் அன்டி. அதுவும் சரிதான். கொஞ்சம் முன்னே நகர்த்தி, பலகை மேலேயே விட்டு, பட்டன் கட்டையை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். கதவைச் சாத்தினார்கள்.

உள்ளேயிருந்து படபடவென்று ஒரு சத்தம், பிறகு விழும்போது வருகிற அந்தப் பாட்டு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நின்றால் பலகை விழும், அதற்கு ஆவி வர வேண்டியதில்லை, எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரருக்கும் தெரியும். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன். நேரம் பார்த்து அன்டி கதவைத் திறந்தார். திரையில் குடை மட்டும் கிடந்தது. அன்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது.

"ஜாத்தோ லாகி! வந்துட்டுத்தான் போயிருக்கார்."

செத்த பிறகும் வாடிக்கையாளர் தேடி வருகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், என்ன, வந்தும் அதே இடத்தில்தான் விழுகிறார்கள்.