சாதிக்காய் மரத்தடிப் படிகள்

போன மாதம் ஒருநாள் ஈமெயிலைத் திறந்தால்... என்னுடைய வழக்கு அதில் உட்கார்ந்திருக்கிறது!

சிவில் வழக்கு நடத்தும் சட்டத்தரணிகள் சிலர் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறோம். சந்தேகத்தை எழுதிப் போட்டால் யாராவது பதில் போடுவார்கள். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடக்கிறது. ஆனால், சாட்சியிடம் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாது என்று அங்கிருக்கும் ஒரு சீனியர், மாத்தளையில் இருக்கும் எனக்குப் பாடம் நடத்துகிறார். நான் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை.

கட்சிக்காரர் பெயரைப் போடக்கூடாது என்பது குழுவின் சட்டம். எல்லோரும் 'அ', 'ஆ' என்றுதான் எழுதுவார்கள்.

அன்றைய கேள்வி இது: 'அ'வின் வீட்டுக்கு 'ஆ'வின் காணிக்குள்ளால் நடைபாதை. அப்படியொரு பாதை இருந்ததே இல்லை என்பது என் கட்சிக்காரர் 'ஆ'வின் வாதம். ஆனால், சாதிக்காய் மரத்தடிக் கல்படிகளை 'அ' வீட்டாருக்காக வெட்டிக் கொடுத்ததே தன் அப்பாதான் என்று 'ஆ' என்னிடம் சொல்லிவிட்டார். கூண்டில் கேட்டால் பொய் சொல்லமாட்டார். அந்தக் கேள்வி வராமல் தடுப்பது எப்படி?

பெயரை மறைத்தவர் மரத்தை மறைக்க மறந்துவிட்டார். உக்குவளையில் அந்த மரத்தடியில் நான் நின்றிருக்கிறேன். 'அ' என் கட்சிக்காரர் செல்லம்மா. 'ஆ' பக்கத்துக் காணிக்காரர் பண்டார. எழுதியது, எதிர்த்தரப்பில் நிற்கும் சட்டத்தரணி பர்ஹானா. என் ஈமெயில் மகளின் பெயரில் இருப்பதால், நானும் குழுவில் இருப்பது அவருக்குத் தெரியாது.

செல்லம்மா கல்யாணமாகி வரும்போதே அந்தப் படிகள் இருந்தன. யார் வெட்டியது என்று அவருக்குத் தெரியாது. நானும் கேட்டிருக்கமாட்டேன்... பதில் தெரியாத கேள்வியாயிற்றே!

பண்டார பாதைக் கேட்டைப் பூட்டியதிலிருந்து, பாரிசவாதத்தில் விழுந்த செல்லம்மாவின் கணவரை நாற்காலியில் வைத்து ஓடையைக் கடந்துதான் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் கேட் திறந்துவிடும். கேட்காமல் விட நான் யார்? ஒளிந்திருந்து தெரிந்துகொண்டதை வைத்துக் கேட்கவும் நான் யார்?

நிம்மதியே இல்லை. கடைசியில் போனை எடுத்தேன்.

"பர்ஹானா, அந்த 'அ'வோட லோயர் நான்தான்."

மறுமுனையில் மெதுவாக, "இனி என்ன செய்யப் போறீங்க சேர்?"

"கேப்பேன். ஆனா ஒங்களுக்குத் தெரியாம கேக்கமாட்டேன். பண்டார மாத்தயாகிட்ட சொல்லிடுங்க."

சொன்னார். முதலில் பண்டாரவுக்குக் கோபம். பிறகு, அப்பா வெட்டிய படியை இல்லையென்று கூண்டில் ஏறிச் சொல்லத் தன்னால் முடியாது என்றாராம். வழக்குத் தவணையன்று விசாரணையே நடக்கவில்லை. பாதையை ஒப்புக்கொண்டு இணக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

நீதிமன்ற வாசலில் செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. விடுவேனா? குழு, போன், பர்ஹானா என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"ஏங்கய்யா... நீங்க ரெண்டு பேரும் ஒரே கோர்ட்டுலதானே இருக்கீங்க? இத மொதல்லயே பேசியிருந்தா, இத்தன வருசமா அவர தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்க மாட்டோமேங்க?"

பெயர் போடாமல் அவர் கேட்டதை அப்படியே குழுவில் போட்டேன். என் முதல் கேள்வி. எதற்கும் அரை மணியில் பதில் போடும் கூட்டம்... இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.