ஏலக்காய் தட்டிப் போட்ட ஹூக்கா

போன வாரம் பெங்களூரில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கண்ணாடிக் கூஜா மாதிரி ஒன்று, நீளக் குழாயோடு. "ஹூக்கா மாமா, ஏலக்காய் ஃப்ளேவர். சிகரெட் மாதிரி இல்ல, எல்லாத்தையும் தண்ணி வடிகட்டிரும்" என்றான். எம்.டெக். படித்த வாய்! எனக்குச் சுள்ளென்று ஏறியது. கோபத்தில் பாதிதான் அவன்மேல். மீதி யார்மேல் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் நான் குமாஸ்தா. முதலாளிக்குச் சொத்தே அவருடைய மூக்குதான். மலையிலிருந்து வந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளி முகருவார். உலர்த்தும்போது புகை பிடித்த காய் என்றால், "புகை நாத்தம் அடிக்குது, தள்ளுய்யா அங்கன" என்பார். தப்பினதே இல்லை. வடக்கத்தி வியாபாரிகள் அந்த மூக்கை நம்பித்தான் சரக்கு எடுப்பார்கள்.

அவர்களில் ஒருவர் பித்தளை ஹூக்கா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பிடித்தது சனியன். பீடி குடிப்பவனைக் கடைப்படி ஏறவிடாத மனிதர், காலையும் மாலையும் மணிக்கணக்கில் இழுத்தார். வியாபாரம் படிந்தால் ஒரே குழாய் வாய்க்கு வாய் போகும். துடைக்கக்கூட மாட்டார்கள், கருமம்! தண்ணீரில் ஏலக்காய் தட்டிப் போடுவது என் வேலை. சளிக்கு நல்லதாம்.

முதலாளியம்மா ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். "நாலு படி ஏறுனா இளைக்கிறாக. இது நெஞ்சைக் கெடுக்காதா?"

"தண்ணியில கழுவி வர்ற புகைடி. நம்ம குமாஸ்தா தம்பி கெமிஸ்ட்ரி படிச்சவரு, அவரையே கேளு" என்றார் முதலாளி.

கரிக்கங்கின் சூடு, நெடி, குமிழி குமிழியாக வெளியேறும் புகை, எல்லாம் தினமும் பார்க்கிறவன் நான். "ஆமாம்மா, தண்ணி வடிகட்டிரும்" என்றேன். பட்டம் வாங்கினவனாம், வெட்கங்கெட்டவன்!

சில வருஷம் கழித்து முதலாளி ஒரு மூட்டையை முகர்ந்து, "முதல் தரம்" என்றார். தள்ளி நின்ற எனக்கே புகை நாற்றம் அடித்தது. வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி மறுபடி முகர்ந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "தம்பி, உங்களுக்கு ஏதும் அடிக்குதா?" என்று மெல்லக் கேட்டார்.

ஹூக்கா கொடுத்த புண்ணியவான்தான் முதலில் பக்கத்துக் கடைக்கு மாறினார். முதலாளிக்கு மூக்குக்குப் பின்னால் மூச்சும் போனது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தெருவில் அந்த ஏலக்காய் வாசமே இல்லை.

அவர் இறந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனபோது முதலாளியம்மா என்னைத் திட்டவில்லை. முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்கதான தம்பி சொன்னீக?"