பாஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவள்

சபையில மொழிபெயர்க்கிறவளுக்கு முதல்ல வேண்டியது நல்ல கால், வாயெல்லாம் அப்புறந்தான். பாஸ்டர் எவ்வளவு நேரம் நிக்கிறாரோ அவ்வளவு நேரம் நாமளும் நிக்கணும். அவருக்கு முன்னால ஒரு மேசை இருக்கும், கையை ஊனிக்கலாம். தண்ணிப் போத்தல் இருக்கும். நமக்கு இருக்கிறது ரெண்டாவது மைக்கு ஒண்ணுதான். அதுலயும் பாதி நாள் பெட்டரி இருக்காது.

நான் கண்டி டவுன்ல ஒரு புடவைக்கடையில கிழமைக்கு ஆறு நாள் நிக்கிறவ. ஏழாம் நாள் ஓய்ந்திருக்கணும்னு வேதத்துல இருக்கு. அதையும் நான் நின்னுக்கிட்டுத்தான் மொழிபெயர்த்தேன். குண்டசாலையில இருந்து பஸ் பிடிச்சு வந்தா, ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல் மாடியில எங்க ஜெபவீடு. பாஸ்டர் சிங்களவர், தங்கமான மனுசன். தமிழ்ல அவருக்கு நாலு வார்த்தை வரும். சனங்கள்ல பாதிப்பேர் ஹந்தானைத் தோட்டத்துல இருந்து இறங்கி வர்ற நம்ம ஆளுங்க. நானும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பிறந்தவதான். சிங்களம் கடையில பழகினது.

ஆபீஸ்லயோ பொலிஸ்லயோ ஆஸ்பத்திரியிலயோ யாருக்காவது பக்கத்துல நின்னு "அவரு என்ன சொல்றாருன்னா..."ன்னு ஆரம்பிச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்ப என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். இந்த வருஷம் மைக்கைக் கீழ வச்சிடணும்னுதான் இருந்தேன். விடாமப் பிடிச்சு வச்சது தவமணியம்மா. அவங்க புருஷனுக்குப் பேச்சு திரும்பி வருமா வராதாங்கிற கதை பின்னால வருது. மத்ததெல்லாம் வழியில நடந்தது.

மீன் வயிற்றில் விட்டது

எங்க பாஸ்டருக்கு உருக்கம் வந்துட்டா நான் பக்கத்துல நிக்கிறதே மறந்து போகும். ஒரு வாக்கியம் சொல்லி நிப்பாட்டணும், நான் சொன்னதுக்கப்புறம் அடுத்ததுன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. யோனாவைப் பத்திப் பேசின அன்னைக்கு அது காத்துல போச்சு. கப்பல் ஏறினாரு, புயல் அடிச்சுது, கடல்ல தூக்கிப் போட்டாங்க, மீன் வந்துச்சு, எல்லாம் ஒரே மூச்சுல. அப்புறம் திரும்பி என்னைப் பார்க்கிறார். என் தலையில நின்னது கடைசித் துண்டு மட்டுந்தான். "யோனாவை மீன் முழுங்கிருச்சு"ன்னேன். அதுக்குள்ள அவர் மீதியையும் சொல்லி முடிச்சு, கண்ணை மூடி ஜெபத்துக்குப் போயிட்டார்.

முடிஞ்சு படி இறங்கினா, கீழே ஹாட்வெயார் கடை நானா வாசல்ல நிக்கிறார். திகனப் பக்கத்து முஸ்லிம். ஞாயித்துக்கிழமையும் கடை திறப்பார். எங்க ட்ரம் சத்தத்துக்கு ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. நம்ம யோனா அவங்களுக்கு யூனுஸ் நபி. அன்னைக்கு மட்டும் கையை நீட்டி என்னை நிப்பாட்டினார். "ஒங்கட ஸ்பீக்கர்லதான் தங்கச்சி கேட்டுக்கிட்டு இருந்தேன். யூனுஸ் நபிய மீன்ட வயித்துக்குள்ளயே உட்டுட்டு நீங்க ஊட்டுக்குப் போறீங்களே, இது ஞாயமா?"

எனக்கு வாய்த்த மனைவி

இந்த வேலையில ஒரு சட்டம் இருக்கு. அவர் "நான்"னா நாமளும் "நான்"னுதான் சொல்லணும். "அவர் சொல்றார்"னு ஒவ்வொரு தடவையும் இழுத்தா, ஆராதனை முடிய ராத்திரியாயிடும்.

ஒரு நாள் பாஸ்டர் தன்னோட சாட்சியைச் சொன்னார். நானும் கூடவே சொன்னேன். "நான் பெரிய குடிகாரனா இருந்தேன். குடிச்சிட்டு வந்து என் மனைவியை அடிச்சேன். ஒரு நாள் அவ பெட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா." பாஸ்டருக்குக் குரல் தழுதழுத்துச்சு, எனக்கும் தழுதழுத்துச்சு. அது உருக்கமில்லைங்க, தொண்டை வறட்சி. சனங்க கண்ணைத் துடைச்சாங்க.

ஹந்தானையில இருந்து ராசாத்தி பெரியம்மா அன்னைக்குத்தான் முதல் தடவை வந்திருந்தாங்க. எங்க லயத்துல என்னைத் தூக்கி வளர்த்தவங்க. ஆராதனை முடிஞ்சு ப்ளேன்டீ குடிக்கிற இடத்துல என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போய், தலையைத் தடவிக் குடுத்து, ரகசியமாக் கேட்டாங்க. "நீ குடிச்சதுகூடப் பரவால்ல ஆயி, ஒம் பொண்டாட்டி திரும்பி வந்தாளா இல்லியா?"

ஆறுதலா வருவார்

தவமணியம்மா யாழ்ப்பாணத்துக்காரங்க. சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் புருஷனோட கண்டிக்கு வந்தாங்க. வந்த இடத்துல அவருக்குப் பக்கவாதம் அடிச்சிருச்சு. உயிர் தப்பிட்டார். வலது கையும் பேச்சும் போச்சு. வாழ்நாள் பூரா பள்ளிக்கூடத்துல பேசியே பழகின மாஸ்டர் அவர். இப்ப ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணை மட்டும் உருட்டிக்கிட்டுக் கிடக்கிறார். இந்த அம்மாவுக்கு சிங்களம் சுத்தமா வராது. ரோட்டுல போறப்போ மேல் மாடியில இருந்து தமிழ் சத்தம் கேட்டுதேன்னு படியேறி வந்தவங்க.

பாஸ்டர் அவங்க தலையில கை வச்சு ஜெபம் பண்ணினார். நடுவுல "செனசீம"ன்னு ஒரு சொல். மனசுக்கு இதம்னு அர்த்தம். நான் கண்ணை மூடிக்கிட்டு, "கர்த்தர் உங்களுக்கு ஆறுதலா வருவாரு"ன்னேன். அந்தம்மா உடம்பு ஒரு உலுக்கு உலுக்குச்சு. "வேண்டாம், வேண்டாம்"னு தலையை ஆட்டினாங்க. பாஸ்டர் பதறிப்போய் என்னைப் பார்க்கிறார். ஆறுதல் வேண்டாம்கிறாங்கன்னு சொன்னேன். அவ்வளவு பெரிய துக்கமான்னு அவர் மறுபடியும், இன்னும் உரக்க, அதே ஆறுதலுக்கே ஜெபம் பண்ண ஆரம்பிச்சார். நானும் மறுபடியும் "ஆறுதலா, ஆறுதலா"ங்கிறேன். அந்தம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு.

கதிரையில உக்கார வச்சு, தண்ணி குடுத்து விசாரிச்சப்புறந்தான் விஷயம் வெளிச்சமாச்சு. அவங்க ஊர்ல "ஆறுதலா"ன்னா மெதுவா, அவசரமில்லாமன்னு அர்த்தமாம். ஐயோ ஆண்டவரே! புருஷன் பேச்சில்லாமக் கிடக்க, கர்த்தர் சாவகாசமா வருவார்னு நான் ரெண்டு தடவை சத்தியம் பண்ணியிருக்கேன். மன்னிப்புக் கேட்டேன். அவங்க மூக்கைச் சிந்திக்கிட்டு என் கையைப் பிடிச்சாங்க. "அவர் ஏற்கெனவே ஆறுதலாத்தான் வாறார் பிள்ளை. நீராவது கெதியா வரச் சொல்லும்."

நாக்கு லீவு எடுத்த நாள்

பண்டிகை சீசன்ல புடவைக்கடை எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. கிழமை முழுக்க ஆறு மீட்டரை விரிச்சு மடிச்சு, விரிச்சு மடிச்சு, ஞாயித்துக்கிழமை மைக்கைப் பிடிக்கிறேன். முழங்கால் கெஞ்சுது. பாஸ்டர் ஒரு வாக்கியம் சிங்களத்துல சொன்னார். நானும் அதையே அழகா, திருத்தமா, சிங்களத்துல சொன்னேன். எனக்குத் தெரியவே இல்லைங்க. அவர் அடுத்ததைச் சொன்னார், நானும் சிங்களத்துலயே அடுத்ததைச் சொன்னேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். சரி, இனி தமிழ் நம்ம பொறுப்புன்னு நினைச்சாரோ என்னவோ, தனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையையும் சேர்த்து, "யேசு நல்லம். ரொம்ப நல்லம்"னு போட்டார் ஒரு போடு.

கைதட்டல்ல மாடியே அதிர்ந்துச்சு. நான் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் அப்படி ஒரு அல்லேலூயா வந்ததில்ல. மனசு கொஞ்சம் வலிச்சது, பொய் சொல்லல. ராசாத்தி பெரியம்மாதான் முதுகுல தட்டினாங்க. "அவரே பேசிக்கிட்டாருல்ல? நீ போயி உக்காந்து ஒரு வாய் டீத்தண்ணி குடி ஆயி."

வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில்

உக்கார்ந்தேன். மைக்கை வைக்கிறதுக்கு இதுதான் நேரம்னு பாஸ்டர்கிட்டச் சொல்லப் போன அன்னைக்கு, வாசல்ல தவமணியம்மா. மறுநாள் பெரிய டொக்டர் வர்றாராம். தமிழ் தெரிஞ்ச நர்ஸ் லீவு. "அவருக்குப் பேச்சு வருமோ வராதோ எண்டு எனக்கு ஒருக்காக் கேட்டுச் சொல்லும் பிள்ளை"ன்னாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது? கடையில அரை நாள் லீவு கேட்டுக்கிட்டுப் போனேன். பாஸ்டருக்குப் பக்கத்துல நின்னு பழகின எனக்கு டொக்டருக்குப் பக்கத்துல நிக்கிறது பெரிசாத் தெரியல. இவரும் நிப்பாட்டாமத்தான் பேசினார்.

மாஸ்டர் கட்டில்ல இருந்து எங்க மூணு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு இருந்தார். டொக்டர் கடைசியா, பேச்சு வரும், பயப்படாதீங்க, ஆனா "ஹெமின் ஹெமின்"னார். மெதுவா மெதுவான்னு அர்த்தம். தினமும் பயிற்சி குடுக்கணும், அவசரப்படுத்தக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு சொல்தான் வாயில வந்துச்சு. சொல்லவும் பயமா இருந்துச்சு. சொன்னேன். "ஆறுதலா வரும் அம்மா."

அந்தம்மா மாஸ்டரோட நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாங்க. "ஆறுதலாவே வரட்டும் பிள்ளை. வரும் எண்டு சொன்னாரே, அது காணும், போதும்."

புளுகன்

சில கிழமை கழிச்சு, கடையில ஒரு அம்மாவுக்கு சாரி விரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. தவமணியம்மா. குரல்ல அழுகையா சிரிப்பான்னு பிடிபடல. "பிள்ளை, மனுசன் வாய் திறந்திட்டார்! ஆனா 'புளுகன்' எண்டுறார். திரும்பத் திரும்பப் புளுகன், புளுகன். டொக்டரைச் சொல்லுறாரோ, போன கிழமை வந்து ஜெபம் பண்ணின பாஸ்டரைச் சொல்லுறாரோ தெரியேல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு. கெதியா வாரும்!"

பின்னேரம் ஆஸ்பத்திரியில பார்க்க விடுற நேரத்துக்கு ஓடினேன். மாஸ்டர் தலையணையில சாய்ஞ்சு உக்கார்ந்திருக்கார். பயிற்சி குடுக்கிற சிங்கள நர்ஸ் வந்து அவர் வலது கையைத் தொட்டு, உயர்த்த முடியுமான்னு சிங்களத்துல கேட்டாங்க. "புளுவன்த?" தினமும் கேக்கிற கேள்வியாம். மாஸ்டர் வாயைக் கோணினார். நெத்தியில வேர்வை. "புளு... வன்"னார். சொல்லிக்கிட்டே கை கட்டில்ல இருந்து ஒரு சாண் எழும்புச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கண்ணும் நிறைஞ்சுருச்சு. வாழ்நாள் பூரா தமிழ்ல பேசின மனுசனுக்குப் பேச்சு திரும்பி வந்திருக்கு, வந்தது சிங்களத்துல. பழக்கதோஷம், நான் "அவர் சொல்றார்"னு சொல்லல. "என்னால முடியும்"னேன். தவமணியம்மா கட்டில் விளிம்புல பொத்துன்னு உக்கார்ந்து, அவர் கையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சு, நாலு பேர் பார்க்க ஓன்னு அழுதாங்க. மாஸ்டருக்குத் தமிழ் நல்லாவே புரியும். அவர் பக்கத்துலதான் இருக்கார். அந்தம்மாவுக்கு அதெல்லாம் மறந்து போச்சு. என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாங்க. "எனக்கும் ஏலும் எண்டு அவருக்குச் சொல்லும் பிள்ளை."

"என்னாலயும் முடியும்"னு சொன்னேன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நின்னு தமிழைத் தமிழ்லயே மொழிபெயர்த்தாச்சு, அங்கயும் எனக்கு உக்கார ஒரு கதிரை யாரும் இழுத்துப் போடல.